பாயிண்ட் எட்டு

வெளியே மழை பெய்கிறதா என்று கேட்டால், அவள் எழுந்து போய் ஜன்னல் திரையை ஒதுக்கிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வாள்.

இதில் என்ன அதிசயம் என்று தோன்றலாம். எங்கள் அலுவலகம் கழக்கூட்டம் என்ற மலையாளத்து ஊரில் ஏழாவது மாடியில் இருந்தது. ஜூன் மாதத்து மழை, கண்ணாடிச் சுவரில் யாரோ அண்டாவோடு தூக்கி ஊற்றுகிற மாதிரி சத்தம். வெளியிலிருந்து வருகிறவன் ஒவ்வொருவனும் குளித்த நாய் போலத் தலையை உதறிக்கொண்டு நுழைகிறான். அப்போதும், போனில் அவள் அம்மா "அங்க மழையா?" என்று கேட்டால், "இரும்மா" என்பாள். எழுவாள். திரையை ஒதுக்குவாள். ஒரு தடவை நன்றாகப் பார்ப்பாள். "ஆமா, பெய்யுது" என்பாள்.

பக்கத்து இருக்கையில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், புனேயில் இருந்துகொண்டு இதைப் படித்துவிட்டு, "இதெல்லாம் நடந்தப்ப நீங்க நோட்டுல எழுதி வச்சீங்களாண்ணே?" என்று கேட்பாள். வைக்கவில்லை. பொறாமைக்கு நோட்டு வேண்டாம், எல்லாம் தானாகவே ஞாபகம் இருக்கும். மரியாதையாக 'அவர்' என்று எழுதலாமே என்றும் பார்த்தேன். இரண்டு வரி தாண்டவில்லை. பொறாமைக்கு 'அவர்' ஒத்துவரவில்லை.

அவள் டெஸ்டிங் பிரிவில் இருந்தாள். நான் எழுதும் மென்பொருளில் குறை கண்டுபிடிப்பதற்கு அவளுக்குச் சம்பளம். ஒரு குறையை நான் சரிசெய்துவிட்டு, "முடிஞ்சாச்சு, மூடிரலாம்" என்பேன்.

"பாக்காம எப்படிண்ணே சொல்லுதது?" என்பாள்.

"என் கம்ப்யூட்டர்ல ஓடுதே!"

"உங்க கம்ப்யூட்டர் உங்க பேச்சக் கேக்கும்ணே. பாத்துட்டுச் சொல்லுதேன்."

அந்தக் குறை மூன்று தடவை திரும்பி வந்தது. மூன்று தடவையும் அவள் சொன்னதுதான் சரி. நாலாவது தடவை, "இப்ப சரியா இருக்கு" என்று எழுதி அனுப்பினாள். அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டுவிட்டேன் என்பதுதான் எனக்கு ஆகவேயில்லை.

அனீஷ் என்று ஒரு மலையாளி, எங்கள் அணியிலேயே கொஞ்சம் கலகலப்பான ஆள். அவனுக்குக் குழந்தை பிறந்தபோது போட்டோவைக் கொண்டுவந்து எல்லோரிடமும் காட்டினான். "என்னைப் போலயே இல்லே?" என்று கேட்டான். நாங்கள் எல்லோரும் போட்டோவைப் பார்ப்பதற்கு முன்பே, "அச்சு அசல்!" என்றோம். உலகம் அப்படித்தான் நடக்கிறது. அவள் போட்டோவை வாங்கிப் பார்த்தாள். அனீஷைப் பார்த்தாள். அவன் முகத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பச் சொன்னாள். திரும்பவும் போட்டோவைப் பார்த்தாள்.

"காது மட்டும்" என்றாள்.

இப்படிப்பட்ட ஒருத்தியை நாலு நாளில் ஒதுக்கிவைத்துவிடுவார்கள் என்றுதான் கணக்குப் போட்டேன். நடந்தது நேர்மாறு. அனீஷ் அந்தக் காதை ஆறு மாதம் கொண்டாடினான். "சேச்சி சொல்லியாச்சு, காது என்டேதுதான்!"

என் வீட்டிலும் இதே கதை. கழக்கூட்டத்தில் நாங்கள் இருந்த அடுக்குமாடியிலேயே இரண்டாவது மாடியில் அவள் தனியாக வாடகைக்கு இருந்தாள். நாங்கள் ஐந்தாவது மாடி. என் மனைவி ஷீபா, மார்த்தாண்டத்துக்காரி, மீன்குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் கீழே போகும். ஒருநாள் அவளையே சாப்பிடக் கூப்பிட்டாள். "உப்பு எப்படி?" என்று கேட்டதற்கு அவள் ஒரு வாய் சாப்பிட்டாள், யோசித்தாள், இன்னொரு வாய் சாப்பிட்டாள். பிறகு, "உப்பு சரி. புளி ஒரு துளி கூட" என்றாள்.

அவள் போனபிறகு ஷீபா சொன்னாள்: "கேட்டியளா, நான் ஒம்பது வருசமா ஒங்களுக்கு வச்சுப் போடுதேன். தட்டுல விழுறதுக்கு முன்னாடியே 'சூப்பர்'ன்னுருவீய. சாப்பிட்டுட்டுச் சொன்னது அந்தப் பிள்ள ஒருத்திதான்."

குறை சொன்னவளுக்குப் பாராட்டு, பாராட்டியவனுக்கு இடி. அன்றைக்குப் புளி எனக்கும்தான் கூடுதலாகப்பட்டது. சொல்லியிருக்கலாம்.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். வண்டி விஷயத்தில்தான் முடியவில்லை.

அவள் வருவதற்கு முன்னால், அந்த அலுவலகத்தில் வண்டி என்றால் நான். வாசலுக்கு வெளியே ஒரு டீக்கடை, அதன் பக்கத்தில் ஒரு வாகைமரம். நாலு மணிக்கு ஏழெட்டுப் பேர் கூடுவோம். யாருடைய வண்டியில் என்ன சத்தம் வந்தாலும் என்னிடம்தான் கேட்பார்கள். நான் கண்ணை மூடி, டீயை ஒரு உறிஞ்சு உறிஞ்சிவிட்டு, "அது சஸ்பென்ஷன் புஷ்" என்பேன். பாதி நேரம் அது புஷ் இல்லை. ஆனால் சொன்ன தோரணையில் நாலு பேர் புஷ்ஷை மாற்றியிருக்கிறார்கள். என் அறிவு முழுக்க யூடியூபில் விளைந்தது. ஸ்பேனர் பிடித்துக் கையில் கறை பட்டவனில்லை நான்.

என்னிடம் இருந்தது டர்போ வைத்த ஒரு சின்ன பெட்ரோல் கார், பழசாக வாங்கியது. டர்போ என்பது வேறொன்றுமில்லை, எஞ்சினுக்குள் காற்றை ஊதித் திணிக்கும் ஒரு விசிறி. எவ்வளவு திணிக்கிறதோ அதற்குப் பெயர் பூஸ்ட். நகரத்தில் ஒருவன் லேப்டாப்பை என் காரில் மாட்டி, இருபது நிமிடம் ஏதோ தட்டிவிட்டு, "இனி ஒண்ணு பாயிண்ட் நாலு பூஸ்ட் வரும் சாரே" என்றான். நம்பினேன். நம்பினேன் என்பதுகூடப் போதாது, அதை வைத்து வாழ்ந்தேன். வாகைமரத்தடியில் ஒருநாளைக்கு ஒரு தடவையாவது அந்த ஒண்ணு பாயிண்ட் நாலு வாயில் வந்துவிடும். அனீஷ் எனக்கு வைத்திருந்த பெயர் 'அண்ணாச்சி'. அந்தப் பேச்சுக்குப் பிறகு 'டர்போ அண்ணாச்சி' ஆனேன். அந்தப் பெயருக்காக நான் எதையும் செய்வேன் என்பது அப்போது எனக்கே தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மீன் வாங்கப் போவதற்காகக் கீழ்த்தளத்துக்கு வந்தேன். அவளுடைய கார் பானெட் திறந்து கிடந்தது. அதுவும் டர்போதான், டீசல். பக்கவாட்டில் ரெண்டு நசுங்கலோடு கிழட்டுப் பூனை மாதிரி இருக்கும். அவள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே குனிந்திருந்தாள்.

"என்ன, ரிப்பேரா?" என்றேன், குரலில் அக்கறையை ஊற்றி.

"அம்மா இருக்க மலைக்கு, போனக்காட்டுக்கு, ஏற மாட்டேங்குதுண்ணே. இழுவையே இல்ல. ஒர்க்ஷாப்புல டர்போ போச்சு, மாத்தணும்ங்காங்க."

"அப்ப மாத்திர வேண்டியதுதான்."

"பாக்காம எப்படிண்ணே மாத்துதது?"

அதற்காக பூஸ்ட் கேஜ் வாங்கியிருந்தாள். உள்ளங்கையில் அடங்கும் வட்ட மீட்டர், நடுவில் ஒரு முள். எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயிலிருந்து ஒரு மெல்லிய ரப்பர் டியூபைப் பிரித்துக் கொண்டுவந்து அதில் மாட்டினால், டர்போ எவ்வளவு ஊதுகிறது என்று முள் காட்டும். முதலில் அந்த டியூபை வாயில் வைத்து ஊதினாள். முள் அசைந்தது. "கேஜ் வேலை செய்யுது" என்று தனக்குத்தானே சொல்லி நோட்டில் குறித்துக்கொண்டாள். டேஷ்போர்டுக்குப் பின்னாலிருக்கும் இரும்புத் தகட்டில் துளை போடுவாள், வகையாக மாட்டிக்கொள்வாள் என்று காத்திருந்தேன். ஏற்கெனவே வயர்கள் போகிற ரப்பர் அடைப்பு ஒன்று இருந்தது. அதன் ஓரத்தில் சோப்பைத் தடவி டியூபை உள்ளே நுழைத்துவிட்டாள். இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்தது. அதற்குள் அடுக்குமாடியின் ஆண்கள் பாதிப்பேர் கைலியோடு கூடிவிட்டார்கள். எல்லோரும் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பேசியதை ஒருவரும் கேட்கவில்லை.

எனக்கும் ஒரு உத்தியோகம் கொடுத்தாள். சீட்டில் உட்கார்ந்து ஆக்ஸிலரேட்டரை மிதிக்கவேண்டும். நான் மிதிக்க, முள் பாதியில் நின்றது. அவள் டம்ளரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்து, காற்றுக் குழாய்களின்மேல் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே வந்தாள். அடியில் ஒரு இடத்தில் புஸ்ஸென்று நுரை கிளம்பியது.

"டர்போ நல்லாருக்கு. குழாய்லதான் விரிசல்" என்றாள்.

கைலிக் கூட்டம் கைதட்டியது. மறுநாள் நாலு மணிக்கு அனீஷ் வண்டியில் ஏதோ கீச்சிடுவதாகச் சொல்லி வந்தான். நான் டீயை உறிஞ்சிக் கண்ணை மூடினேன். திறந்தபோது அவன் அவளிடம் நின்றுகொண்டிருந்தான். "சேச்சி, ஒண்ணு பாக்குமோ?"

எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. அவளுடைய கேஜ் ஐம்பத்திரண்டு மில்லிமீட்டர். நான் அறுபது மில்லிமீட்டரில் ஒன்று ஆர்டர் செய்தேன், ஏழு நிறத்தில் எரிவது.

ஓர் அரசு விடுமுறை நாளில், ஷீபா தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்த தைரியத்தில், நானே மாட்டினேன். ஏழு மணி நேரம் ஆனது. நாலு விரலில் பேண்ட்-எய்ட். மாட்டவேண்டிய மெல்லிய குழாய் எஞ்சினுக்குப் பின்னால் ஒளிந்து கிடந்தது, கை போகவில்லை. முன்னாலேயே தடியாக, அழகாக, கைக்கு எட்டும் இடத்தில் இன்னொரு குழாய் ஓடியது. எல்லாம் காற்றுதானே என்று அதை அறுத்து, நடுவில் மூன்று வாய் வைத்த ஒரு பிளாஸ்டிக் 'டி' இணைப்பைச் சொருகி, வயர் கட்டும் பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கி, அதிலிருந்து கேஜுக்கு டியூப் கொடுத்தேன். கேஜ் ஏழு நிறத்திலும் எரிந்தது. முள் மட்டும் சுழியத்துக்கு இடப்பக்கம் போய்ப் படுத்துக்கொண்டது. என்ன மிதித்தாலும் வலப்பக்கம் வரவில்லை. ஊதுகிற பக்கம் வலது.

விஷயம் வாகைமரத்துக்குப் போய்விட்டது. "அண்ணாச்சி, ஒண்ணு பாயிண்ட் நாலு கண்டோ?" என்றான் அனீஷ்.

"கேஜ் டிஃபெக்ட் பீஸ். திருப்பி அனுப்பணும்."

அவள் டீ கிளாஸை வைத்துவிட்டு, "பாக்காம எப்படிண்ணே சொல்லுதது?" என்றாள். "சனிக்கிழமை அம்மாவப் பாக்க மேல போறேன். ஒங்க வண்டியில போவமா? ஏத்தத்துல எஞ்சின் நல்லா இழுக்கும். முள்ளு என்ன செய்யுதுன்னு பாத்துரலாம்."

எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள். மறுக்கமுடியவில்லை. ஷீபா, தேயிலைத் தோட்டத்துக் காற்று நல்லது என்று தானும் கிளம்பிப் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

விதுரை தாண்டி ஏற்றம் தொடங்கியதும் அவள் நோட்டை எடுத்தாள். ஒவ்வொரு வளைவிலும் முள்ளைப் பார்த்துக் குறித்தாள். "மூணாம் வளைவு, ரெண்டாம் கியர், எஞ்சின் நல்லா இழுக்குது, முள்ளு எடப்பக்கம்." பரீட்சை ஹாலில் பேப்பரைக் கொடுத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்து திருத்தப்படுவது போல இருந்தது.

"எஞ்சினுக்கும் கேஜுக்கும் நடுவுல ஒருபக்கம் மட்டும் தொறக்குற கதவு ஏதோ இருக்குண்ணே. உறிஞ்சுறது வருது, ஊதுறது வரல. பானெட்டத் தொறந்தா பாத்துரலாம்."

"தொறக்கக் கூடாது" என்றேன். "கடையில மாட்டுனது. சீல் வச்சிருக்கான். தொட்டா வாரண்டி போயிரும்."

பின்சீட்டில் ஷீபா இருமினாள். பக்கத்து சீட்டில் இருந்தவள் ஸ்டியரிங் மேலிருந்த என் விரல்களைப் பார்த்தாள். நாலு பேண்ட்-எய்ட். நோட்டை மூடினாள்.

அவள் அம்மா மேலே, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் ஒரு வீட்டில் இருந்தார். மகளுக்கு நேரெதிர். காரை விட்டு இறங்குவதற்குள், "தம்பி நல்லா வண்டி ஓட்டுவாருன்னு மொகத்தப் பாத்தாலே தெரியுதே!" என்றார். அந்த நிமிடமே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

"மொகத்தப் பாத்தா?" என்றாள் மகள்.

"போடி. இவ சின்னதுலேருந்தே இப்படித்தான் தம்பி. ஒரு நாளைக்கு ஒரு பஸ்ஸுதான் வரும். பஸ் வருது, பஸ் வருதுன்னு லயமே கூவும். நாங்க மூட்டையத் தூக்கிட்டு ஓடுவோம். இவ மட்டும் வளைவு வரைக்கும் ஓடிப்போயி பாத்துட்டு வந்து, 'லாரி'ம்பா. பாதி நாள் லாரியாத்தான் இருக்கும்."

அம்மாவின் கேஸ் அடுப்புக்கு அவள் புது டியூப் வாங்கி வந்திருந்தாள். பழையதைக் கழற்றி, புதியதை மாட்டி, இரண்டு முனையிலும் இரும்புக் கிளிப்பைத் திருகி, சோப்புத் தண்ணீர் தடவி, நுரை வருகிறதா என்று ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். நுரை வரவில்லை. பழைய டியூபைக் கிளிப்போடு சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டாள். "கடையில அளவு காட்டணும்" என்றாள். வெறும் டியூபுக்கு இவ்வளவா என்று மனதுக்குள் சிரித்தேன்.

இறக்கத்தில் நாலாவது வளைவுக்கு முன்னால் எஞ்சின் பக்கம் 'டப்' என்று ஒரு சத்தம். பின்னாலேயே, பாம்பு சீறுவது போல ஒரு ஸ்ஸ்ஸ். பிரேக்கை மிதித்தேன். பெடல் பாறாங்கல்லாக இருந்தது. உள்ளே போகவே இல்லை. எதிரே வளைவு, வளைவுக்கு அப்பால் வெறும் வானம்.

நான் செய்ததை நான் சொல்வதைவிட, செய்யாததைச் சொல்லிவிடலாம். வாயை மூடவில்லை. கர்த்தரில் தொடங்கி, ஷீபா, என் அம்மா, கேஜ் விற்றவன் வரை எல்லோரையும் கூப்பிட்டேன். கையும் காலும் ஏதோ செய்துகொண்டிருந்தன. மூன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து ஒன்று. எஞ்சின் அலறியது, நானும் அலறினேன். ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். சீட்டிலிருந்து எழும்பி இரண்டு காலாலும் பெடலின்மேல் நின்றேன். ஒரு வளைவு திரும்பியது. இன்னொன்று. மண்மேட்டுப் பக்கமாக ஒதுக்கி, சாக்கடையில் முன்சக்கரம் இறங்கி வண்டி நின்றது.

அவ்வளவு நேரமும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. கூச்சல் போடவில்லை, 'கியர்' என்றுகூடச் சொல்லவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஷீபா இறங்கி ஒரு கல்லில் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டாள். நான் பானெட்டைத் திறந்தேன். வாரண்டி, சீல் எல்லாம் அந்த வளைவிலிருந்து கீழே விழுந்திருந்தன. அவள் குனிந்து பார்த்தாள். நான் அறுத்த தடிக் குழாய், பிளாஸ்டிக் நாடா நழுவி, 'டி'யிலிருந்து கழன்று வாய் பிளந்து கிடந்தது.

"இது பிரேக்குக்குப் போற குழாய்ண்ணே" என்றாள், மெதுவாக. "எஞ்சின் உறிஞ்சுற காத்துலதான் பெடல் லேசா இருக்கும். இதுல ஒருபக்கக் கதவு இருக்கு. அதான் முள்ளு ஏறல."

பையிலிருந்து கேஸ் டியூபை எடுத்தாள். இரண்டு கிளிப்பையும் கழற்றினாள். 'டி'யைத் தூக்கி எறிந்துவிட்டு, உள்ளே சொருகுகிற அளவுக்குப் பழைய டியூபில் ஒரு துண்டு வெட்டி, குழாயின் இரண்டு முனையையும் சேர்த்து கிளிப்பால் முறுக்கினாள். எஞ்சினை அணைத்து பெடல் கல்லாகும் வரை மிதிக்கச் சொன்னாள். காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யச் சொன்னாள். பெடல் காலுக்கடியில் மெதுவாக அமுங்கியது. இன்னொரு தடவை. இன்னொரு தடவை. மூன்றாவது தடவைதான் ஷீபாவை வண்டியில் ஏறச் சொன்னாள்.

கீழே வரும் வரை ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் பெடலை மிதித்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். யார் மாட்டியது என்று அவள் கேட்டிருந்தால் அழுதிருப்பேன். கேட்கவில்லை. ஷீபா மட்டும், வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியபிறகு, "எந்தக் கடையாக்கும் அது?" என்று கேட்டாள். அடுத்த ஒரு வாரம் வீட்டில் மீன்குழம்பு இல்லை.

மறுநாளே, ஞாயிறு அன்று, புதுக் குழாய் போட்டு, கேஜின் டியூபை எஞ்சினுக்குப் பின்னாலிருந்த அந்த மெல்லிய குழாய்க்கு அவளே மாற்றினாள். அவள் கை அங்கே போனது. அதற்கும் பொறாமைப்பட்டேன், கைக்குக்கூட. பைபாஸில் ஓட்டிப் பார்த்தோம். மூன்றாம் கியர், முழு மிதி. முள் சுழியத்தைத் தாண்டி வலப்பக்கம் ஏறியது. ஏறியது, ஏறியது, நின்றது. நானும் பார்த்தேன், அவளும் பார்த்தாள்.

பாயிண்ட் எட்டு. கம்பெனியிலிருந்து வரும்போதே அதுதான் இருந்திருக்கும். லேப்டாப்காரன் இருபது நிமிடம் என்னதான் தட்டினானோ.

மறுநாள் நாலு மணிக்கு வாகைமரத்தடியில் எல்லோரும் இருந்தார்கள். எனக்குத் தெரியும், அனீஷ் என்னைக் கேட்கமாட்டான். அவளைத்தான் கேட்பான். பத்து நிமிடம் முன்னாலேயே அவளைத் தனியாகப் பார்த்து, "கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்று குழைந்திருந்தேன்.

"பாத்ததத்தானேண்ணே சொல்லுவேன்" என்றாள் அவள். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னாள். அதுதான் பயமாக இருந்தது.

"சேச்சி, எத்ர?" என்றான் அனீஷ்.

"பாயிண்ட் எட்டு."

சிரிப்பு அடங்க நேரமானது. டீக்கடைக்காரரும் சேர்ந்துகொண்டார். அன்றோடு டர்போ அண்ணாச்சி செத்துப்போனான். 'பாயிண்ட் எட்டு' பிறந்தான். மீட்டிங்கில்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். சிரித்துக்கொண்டே டீ கிளாஸைப் பிடித்திருந்தேன், கை சுட்டது தெரியவில்லை.

அனீஷ் விடவில்லை. "அப்போ பிரேக் போயதோ? ஃபிளாட்டுல ஆரோ பறஞ்ஞு கேட்டேனே. ஆராணு மாட்டியது? அண்ணாச்சியே மாட்டியதல்லே?"

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். பிரேக் குழாயை அறுத்த வண்டியில் மனைவியையும் அவளையும் மலையேற்றியவன் என்று தெரிந்தால், இந்த மரத்தடியில் மட்டும் இல்லை, எந்த மரத்தடியிலும் நிற்கமுடியாது.

அவள் என் விரல்களைப் பார்த்தாள். பேண்ட்-எய்ட் இன்னும் இரண்டு மிச்சம் இருந்தது.

"மாட்டும்போது நான் பாக்கல" என்றாள். டீயைக் குடித்து முடித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் என்னைக் காப்பாற்றினாளா, இல்லை வழக்கம்போல நடந்ததை நடந்தபடி சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் தைரியமில்லை. காப்பாற்றியவளாக இருந்தால் நன்றி சொல்லவேண்டும். பொறாமையோடு நன்றி சொல்வது வெறும்வயிற்றில் கஷாயம் குடிப்பது போல. ஒரு வருடம் குடிக்காமலே ஓட்டினேன்.

பிறகு புனேயில் பெரிய வேலை கிடைத்து அவள் கிளம்பினாள். பிரிவு விழா மீட்டிங் அறையில். கேக், சமோசா, நாலு பேச்சு. நானும் பேசினேன். "இவங்களால என் வேலை ரொம்ப உயர்ந்துச்சு, மூணு மடங்கு" என்றேன். சிரித்தார்கள். மனதுக்குள், இனி நாலு மணிக்கு அனீஷ் யாரிடம் போவான் என்று பார்க்கலாம் என்ற எண்ணம் ஓடிக்கொண்டிருந்தது. இனிப்பாகத்தான் இருந்தது.

அனீஷ் எழுந்தான். "சேச்சி, போவதுக்கு முன்னே ஒரு சத்யம் பறயணும். நம்ம கூட்டத்தில நல்லா வண்டி ஓட்டுந்ந ஆள் ஆரு?" எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிக்கத் தயாரானார்கள். "பாயிண்ட் எட்டு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

அவள் கேக் வெட்டிக்கொண்டிருந்த கத்தியை வைத்தாள்.

"எல்லாரும் ஓட்டுனத நான் பாத்ததில்ல" என்றாள். அவ்வளவுதான் என்று நினைத்து நான் சமோசாவுக்குக் கை நீட்டினேன்.

"ஒருத்தர் ஓட்டுனத பாத்திருக்கேன். மலை எறக்கத்துல, பெடல் கல்லா ஆன வண்டி. வாய் அலறிக்கிட்டே இருந்துச்சு. கை நடுங்கல. கியர்லயே ரெண்டு வளைவு எறக்கி நிப்பாட்டுனாரு. நான் பக்கத்துல இருந்து பாத்தேன்."

வேறு யார் சொல்லியிருந்தாலும் உபசாரத்துக்குச் சொன்னது என்று தள்ளியிருப்பார்கள். மழை பெய்கிறதா என்று ஜன்னல் திரையை ஒதுக்கிப் பார்க்கிறவள் சொன்னது. தள்ள வழியில்லை. அனீஷ்தான் முதலில் தட்டினான். பிறகு எல்லோரும். அவளுடைய பிரிவு விழாவில் எனக்குக் கைதட்டினார்கள்.

சந்தோஷப்பட வேண்டிய இடம். என் புத்தி போகுமா? சமோசாவைப் பிடித்தபடியே, யாராவது தட்டாமல் இருக்கிறார்களா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஒருத்தி தட்டவில்லை. அவள் இரண்டு கையிலும் கேக் ஒட்டியிருந்தது.